தூருன் புகையிலையை விட்ட வருஷம்

என் மகள் தூருன் ஃபெர்ரியில் துணைக் கேப்டன். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிற அந்தக் கப்பலின் மேல்தளத்தில் அவள் நிற்பதைப் பார்த்தால், அவள்தான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று தோன்றும். அப்படி ஓர் உடம்பு. வாழ்நாளெல்லாம் மீன்பிடிப் படகில் கிடந்தவன் நான். என் கையைவிட அவள் கை பெரிது. சின்ன வயதில் அவளுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தோம். அதைத் தூண்டிலில் கட்டிக் கடலுக்குள் இறக்கினாள், மீன் கடிக்குமா என்று பார்க்க.

அவள் மனைவி ராக்னா வேறு ரகம். குள்ளம், படபடப்பு, எங்கள் ஹெஸ்ட்விக் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. பள்ளி பேண்ட் அவள் பொறுப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு பித்தளை வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். ராக்னா ஒரு விரலைத் தூக்கினால் ஈ பறப்பது கேட்கும்.

குழந்தை வேண்டும் என்று முதலில் சொன்னது ராக்னாதான். சுமக்கப்போவதும் அவள்தான் என்பதில் அந்த வீட்டில் இரண்டாம் பேச்சே இருந்ததில்லை.

"எனக்கு அந்த வேலை ஆகாதுப்பா," என்பாள் தூருன். "ராக்னா கொழந்தையைச் சுமக்கட்டும். நான் ராக்னாவைச் சுமக்குறேன்."

அவர்கள் வீடு மேட்டில், என் வீடு அதற்குக் கீழே. என் மனைவி போன பிறகு பாதி நாள் சாப்பாடு எனக்கு அங்கேதான். குழந்தைக்கான சிகிச்சை ட்ரோன்ட்ஹெய்ம் மருத்துவமனையில். போக ஒரு ஃபெர்ரி, பிறகு நீண்ட சாலை. போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது இரண்டு பேருமே வண்டி ஓட்டும் நிலையில் இருப்பதில்லை. அதனால் ஓட்டுநர் நான். ராக்னாவின் உடம்பிலிருந்து முட்டை எடுப்பார்கள், முகம் தெரியாத ஒரு நல்ல மனிதன் கொடுத்துவிட்டுப் போனதோடு சேர்ப்பார்கள், கருவானதும் உள்ளே வைப்பார்கள். பிறகு காத்திருக்க வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனை. பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. ஒவ்வொரு தடவையும் அந்த அழைப்பில் "இல்லை" என்றுதான் வந்தது.

நான் சொல்ல வந்தது அந்த மே மாதத்து அழைப்பிலிருந்து தொடங்குகிறது. தேசிய தின ஊர்வலத்துக்குச் சில நாட்களே இருந்தன. அவர்கள் சமையலறையில் நான் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். ராக்னாவின் தொலைபேசி அடித்தது. தூருன் எழுந்து அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். ராக்னா கேட்டாள், "சரி" என்றாள், "உனக்கும் நல்லபடியா இருக்கட்டும்" என்று அந்த நர்ஸுக்குச் சொன்னாள். வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒத்திகைக்கு நேரமாச்சு," என்றாள்.

"ராக்னா, இன்னைக்கு வேண்டாம். நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்," என்றாள் தூருன்.

"என்னன்னு சொல்லுவ? டிரம்பெட் வாசிக்கிற பிள்ளைங்க ரெண்டாவது பாட்டுல இன்னும் தடுமாறுதுங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தூருன் கொட்டகைக்குப் போய் விறகு பிளக்க ஆரம்பித்தாள். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்துப் பிளந்தாள் என்று நினைக்கிறேன். நான் வடைகளை ஒரு தட்டால் மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் நடந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராக்னா முதுகை நிமிர்த்தி நின்று கையை வீசிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்கள். ஒரு குழந்தைகூட நிறுத்தவில்லை. அவள் நிறுத்த விடவில்லை. இந்தப் பெண் என் குடும்பத்தில் இருக்கிறாள் என்று அன்று நான் நினைத்துக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. ஊர்வலத்தன்று அந்த இரண்டாவது பாட்டில் ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை.

ஜூனில் டாக்டரைப் பார்க்கப் போனோம். நான் வழக்கம்போல வெளியே உட்காரப் போனேன்.

"உள்ள வா ஹால்வார்," என்றாள் ராக்னா. "வண்டி ஓட்டுறவனுக்கும் எங்க போறோம்னு தெரியட்டும்."

டாக்டர் பெனடிக்தா சுற்றி வளைக்காதவள். "ராக்னா, உன் முட்டையில குறை இல்ல. கரு நல்லாத்தான் உருவாகுது. உன் கருப்பை அதைப் பிடிச்சு வெச்சுக்க மாட்டேங்குது. மருந்தை மாத்தி இன்னொரு தடவை பாக்கலாம். ஆனா எனக்கே அதுல நம்பிக்கை கம்மி. உன்கிட்ட பொய் சொல்ல விரும்பல."

ராக்னா தலையை ஆட்டினாள்.

"உறைய வெச்சதுல ஒரு கரு இன்னும் மிச்சம் இருக்கு," என்றாள் டாக்டர். பிறகு பார்வை மெல்லத் தூருன் பக்கம் போனது. "இந்த வீட்டுல இன்னொரு கருப்பையும் இருக்கு. அதைப் பத்தி எப்பவாவது பேசியிருக்கீங்களா? சட்டம் இப்போ இடம் கொடுக்குது."

தூருன் சிரித்துவிட்டாள். வேண்டுமென்றே சிரித்ததல்ல, வெடிச்சத்தம் கேட்டால் திடுக்கிடுவது மாதிரி வந்த சிரிப்பு. "நானா?" என்றாள்.

வீடு திரும்பக் கிளம்பினோம். ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றபோது பின்சீட்டிலிருந்து ராக்னாவின் குரல் வந்தது.

"நீ சிரிச்ச."

"பயத்துல சிரிச்சேன்."

"நான் ஒவ்வொரு தடவையும் அந்த மேசையில படுத்தப்போ எனக்குச் சிரிப்பு வரல தூருன்."

"தெரியும். சரி, நான் சுமக்குறேன். இப்பவே சொல்றேன், சுமக்குறேன்."

"வேண்டாம். எனக்குப் பிச்சை வேண்டாம். நான் தோத்த இடத்துல நீ வந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு, எனக்காகன்னு… நான் அதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

நான் கண்ணாடியில் பார்க்காமல் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் வேலையில் இது ஒரு பகுதி.

அந்தக் கோடை அப்படியே போனது. இருவரும் சண்டை போடவில்லை. ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். எனக்கு அது சண்டையைவிட மோசமாகப் பட்டது. ராக்னா தோட்டத்தில் இருந்த எல்லா உருளைக்கிழங்கையும் பிடுங்கிவிட்டு மறுபடியும் என்ன பிடுங்கலாம் என்று தேடினாள்.

ஆகஸ்டில் ஃபெர்ரி ஊழியன் ஒட்கேரைக் கடையில் பார்த்தேன். பொல்லாத வாய்க்காரன்.

"ஹால்வார், உன் மகளுக்கு என்ன ஆச்சு? எங்களை உயிரோட தின்னுறா. நேத்து ஒரு கேரவன்காரன் கோட்டுக்கு வெளிய நிறுத்திட்டான்னு அவனைக் கடல்ல தள்ளாத குறை. புகையிலையை விட்டுட்டாளாம்."

நான் நம்பவில்லை. பதினாறு வயதிலிருந்து தூருன் மேலுதட்டுக்கடியில் ஸ்னூஸ் என்கிற குட்டிப் புகையிலைப் பொட்டலம் இல்லாமல் நான் பார்த்ததில்லை. அந்த வட்ட டப்பாவின் அச்சு அவள் காற்சட்டைப் பைகள் எல்லாவற்றிலும் நிரந்தரமாகப் பதிந்திருக்கும்.

அன்று மாலை சாப்பாட்டின்போது ராக்னாவே கேட்டாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"விட்டுட்டியாமே?"

"ஆமா."

"எப்போலேர்ந்து?"

"டாக்டர்கிட்ட போய்ட்டு வந்த மறுநாள்லேர்ந்து."

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கல. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"தெரியும். நீ மனசு மாறினா நான் தயாரா இருக்கணும்ல? மாறலைன்னா பல்லாவது வெள்ளையா இருக்கும்." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பிச்சைன்னு சொன்ன. நான் யோசிச்சேன். எனக்கு அது வேணும் ராக்னா. உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரி இந்த வீட்டுல இன்னொண்ணு ஓடணும். என் வயித்துலதான் அது இருக்கணும்னா இருந்துட்டுப் போகட்டும். பல்லைக் கடிக்கல. பல்லுக்கு நடுவுல வெக்க எதுவுமே இல்லாம பைத்தியம் பிடிக்குது, அவ்வளவுதான்."

ராக்னா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு தெரியவந்த ஒரு விஷயம் உண்டு. புயலிலும் மேல்தளத்தில் அசையாமல் நிற்கும் என் மகளுக்கு ஊசியென்றால் ஆகாது. முதல் ரத்தப் பரிசோதனையன்று நர்ஸ் அவள் கையில் பட்டையைக் கட்டியதுதான் தாமதம், கண் செருகிச் சாய்ந்துவிட்டாள். அந்த உடம்பு சாய்ந்தால் சும்மாவா? மேசை, தட்டு, நாற்காலி எல்லாம் கூடவே போயின. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் நீளமாகக் கிடந்தாள்.

ராக்னா குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினாள். "எழுந்திரு கேப்டன். கரை வந்துருச்சு."

"நீ இதை எத்தனை தடவை பண்ணின?" என்றாள் தூருன், கண்ணைத் திறக்காமலே.

"எண்ணல."

"ஒரு தடவைகூட நீ விழலையே."

"விழுறதுக்கு எனக்கு நேரமில்ல. வீட்டுல ஒருத்தி எனக்கு முன்னாடியே வெளுத்துப்போய் நிப்பா."

மிச்சமிருந்த அந்த ஒரே கருவை செப்டம்பரில் தூருனுக்குள் வைத்தார்கள். ராக்னாவின் குழந்தை, தூருனின் வயிற்றில். காத்திருந்த நாட்களில் தூருன் முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் மாதிரி நடந்தாள். படிக்கட்டு இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தாள். ஒட்கேர் அதைக் கவனித்துவிட்டான். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் செய்ய வேண்டிய கனமான வேலைகளையெல்லாம் கேட்காமலே அவன் செய்துவிடுவான் என்று பிறகுதான் தெரிந்தது.

அழைப்பு வந்தது. இந்தத் தடவை எடுத்தது தூருன். இல்லை.

என் மனைவி இறந்தபோதுகூட அவள் அழுது நான் கேட்டதில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். ராக்னா கதவைத் தட்டவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்படித்தான் இருக்குமா?" என்று தூருன் கேட்டது எனக்குக் கேட்டது. "ஒவ்வொரு தடவையும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ம்."

"நான் அப்போ விறகு பிளந்துக்கிட்டு இருந்தேன்."

"நல்ல விறகு. வீடு பூரா சூடா இருந்துச்சு."

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் மரியாதை ஒழிந்து பழைய கத்தலும் கேலியும் திரும்பின. இருவருக்கும் இப்போது ஒரே காயம். ஒருவர் வலியை இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அடுத்தது என்ன என்பதுதான் பேச்சு. அதை அவர்கள் கிசுகிசுக்கவில்லை. சனிக்கிழமை அரிசிக் கஞ்சியில் வெண்ணெய் போடும்போது பேசுவார்கள், காரில் பேசுவார்கள், நான் இருந்தாலும் பேசுவார்கள். தத்துக்கு வரிசை நீளம்; வரிசை முடிவதற்குள் நரைத்துவிடும். பெற்றவர்கள் வீட்டில் வாழ முடியாத பிள்ளையைக் கொண்டுவந்து வளர்ப்பது ஒரு வழி. அதற்கு ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. ஒரு நாய் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுவது இன்னொரு வழி. ராக்னாவிடம் மறுபடி முட்டை எடுப்பதுதான் டாக்டர் சொன்னது.

"இனி என்னைத் தோண்ட விட மாட்டேன்," என்றாள் ராக்னா. "இந்த உடம்பு கேட்டதையெல்லாம் கொடுத்துருச்சு. அதுக்குப் பெருமையா ஒரு ஓய்வு கொடுக்கப்போறேன்."

மீதி இருப்பது என்ன என்று எங்கள் மூவருக்குமே தெரியும். தூருனின் சொந்த முட்டை. தூருன் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. சொல்லவே மாட்டாள் என்றும் எனக்குத் தெரியும். அப்படிப் பிறந்தால் அதில் ராக்னாவின் ரத்தம் ஒரு துளியும் இருக்காது.

மறுநாள் நான் படகுக் கொட்டகையில் வலை தைத்துக்கொண்டிருந்தேன். ராக்னா வந்து கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"ஹால்வார், ஒண்ணு கேக்குறேன். வழவழன்னு பேசாம பதில் சொல்லு. தூருனோட முட்டையில பொறந்தா அது உன் ரத்தம். செப்டம்பர்ல வெச்சது என்னோடது. ரெண்டுக்கும் உனக்கு ஒரே சந்தோஷமா?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன். "இல்ல. என் ரத்தம்னா உள்ளுக்குள்ள ஒரு கூடுதல் குறுகுறுப்பு இருக்கத்தான் செய்யும். இல்லைன்னு சொன்னா நீ நம்பவா போற?"

"நம்ப மாட்டேன்."

"ஆனா செப்டம்பர்ல அது போனப்போ, நான் இங்க வந்து உக்காந்து என்ன பண்ணினேன்னு யாருக்கும் தெரியாது. உன் கொழந்தைக்காகத்தான் அழுதேன். அதுக்கு உன் மூக்கு வரும்னு நெனச்சு வெச்சிருந்தேன்."

அவள் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். "இந்த மூக்கா? அது பொழச்சுது, விடு." வலையின் ஓரத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பேண்ட்ல ஒரு பிள்ளைகூட என் ரத்தமில்ல. ஆனா அதுங்க வாசிக்கிறப்போ என் மூச்சைத்தான் வாசிக்குதுங்க. நடக்கிற விதத்துலயே ஊர்ல எல்லாரும் கண்டுபிடிச்சுடுறாங்க, இது ராக்னாகிட்ட கத்துக்கிட்டதுன்னு. ஒரு வாரத்துல ஒரு நாள் பாக்குற பிள்ளைங்களையே நான் அப்படி ஆக்க முடியும்னா, தினம் என் வீட்டுல கெடக்குற ஒண்ணை என்ன பண்ணுவேன்?"

"அதுக்குப் பாவம்தான்," என்றேன்.

"பாவம்தான்." எழுந்தாள். முதுகு அந்த ஒத்திகை அறையில் பார்த்த மாதிரியே நிமிர்ந்திருந்தது. "நானே அவகிட்ட சொல்றேன். அவ கேக்கவே மாட்டா, மடச்சி."

அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். தூருன் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தாள். ராக்னா விரலைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

வசந்தத்தில் முதல் தடவை கரு நிற்கவில்லை. இருவரும் ஒருநாள் படுத்துக்கிடந்தார்கள், மறுநாள் எழுந்தார்கள். இரண்டாவது தடவை நின்றது.

தூருனின் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் ஊர் முழுக்க அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது. ராக்னாவுக்கு அது எளிதாக இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். கடையில் ஒருநாள் நானும் கூட இருந்தேன். கல்லாவில் இருந்த குன்வோர் நல்ல பெண்தான். வாய்தான் மூளைக்கு முன்னால் ஓடும்.

"தூருனுக்கு வாழ்த்துச் சொல்லு ராக்னா! அது சரி, உண்மையான அம்மான்னு பாத்தா யாரு, தூருன்தானே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ராக்னா பால் பொட்டலத்தைப் பையில் வைத்தாள், அவசரமே இல்லை.

"குன்வோர், அந்தக் கொழந்தை வரணும்னு இந்த ஊர்லயே முதல்ல ஆசைப்பட்டது நான். அதுக்காக ஊசி போட்டுக்கிட்டது நான். தூருன் சுமக்குறா, ரொம்ப அழகாச் சுமக்குறா, எனக்குத் தாங்க முடியாத பெருமை. ரெண்டு அம்மா. ரெண்டும் உண்மை. வாழ்த்தை எனக்கும் சொல்லலாம், வாங்கிக்கிறேன்."

குன்வோர் கல்லாவைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரன் கைதட்டினான்.

குழந்தை ஜனவரியில் பிறந்தது. பெண். பிரசவ அறையில் தூருன் கப்பல் சங்கு மாதிரி கத்தினாளாம். ராக்னா அவள் தலைமாட்டில் நின்று, "மூச்சு, இப்போ பிடி, இப்போ விடு" என்று கையை அசைத்து நடத்திக்கொண்டே இருந்தாளாம். மருத்துவச்சி தானும் அந்தக் கைக்குத்தான் வேலை செய்ததாகச் சொன்னாள். குழந்தையை முதலில் நெஞ்சில் வாங்கிக்கொண்டது ராக்னா. தூருன்தான் அப்படி வேண்டும் என்றிருந்தாள்.

வீட்டுக்கு அழைத்துவர நான் போனேன். திரும்பும் வழியில் நல்ல பனி, வண்டியை ஊர்ந்துதான் ஓட்ட முடிந்தது. ஃபெர்ரித் துறை கண்ணுக்குத் தெரிந்தபோது கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. அது யாருக்காகவும் நிற்கிற கப்பல் கிடையாது. என் மனைவியின் சவ ஊர்வலத்துக்கே அது நிற்கவில்லை. ஆனால் அன்று பலகையை இறக்கிவைத்தபடி நின்றுகொண்டிருந்தது. ஒட்கேர் பனியில் நின்று இரண்டு கையையும் வீசி எங்களை ஏற்றினான்.

"எங்க கேப்டன் உத்தரவு," என்றான் ஜன்னலில் குனிந்து. பிறகு பின்சீட்டைப் பார்த்தான். "ஐயோ, தூருன், அப்படியே உன் தோள்டி!"

"மூக்கு பரவாயில்ல," என்றாள் ராக்னா. "நடை என்னோடதா இருக்கும், பாரு."

தாமதத்தால் கடுப்பாகி, மற்ற வண்டிகளில் எல்லோரும் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினேன். ஒரு வயதான தம்பதி, கண்ணாடியை இறக்கினார்கள்.

"எங்களுக்காகத்தான் நின்னுச்சு," என்றேன். "என் பேத்தி. முதல் தடவை கடல் தாண்டுறா."

சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனேன், பிறகு அதற்கடுத்த காருக்கு. பின்னாலிருந்து தூருன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், "அப்பா, மானத்தை வாங்காதே, வந்து உக்காரு!" என்று. ராக்னா, "விடு தூருன்! ஹால்வார், அந்த மீன் லாரிக்காரனை விட்டுடாத, அவன்கிட்டயும் சொல்லு!" என்று கத்தினாள். நான் மீன் லாரிப் பக்கம் நடந்தேன்.